சிசிஎன்ஏ முடிச்சாச்சு, அடுத்து எதை எழுதலாம்?

நெட்வொர்க் சாதன நிறுவனமான சிஸ்கோவின் தொடக்கநிலைச் சர்ட்டிஃபிகேஷன் சிசிஎன்ஏ. அதை முடித்துவிட்டு நெட்வொர்க்கிங்கில் இருக்கிற யாரிடம் போய் "அடுத்து என்ன சர்ட்டிஃபிகேஷன் பண்ணலாம்?" என்று கேட்டாலும் உடனே ஒரு பதில் வரும். ஃபயர்வாலில் இருப்பவர் செக்யூரிட்டி என்பார், ஏடபிள்யூஎஸ்ஸில் இருப்பவர் கிளவுட் என்பார், பைத்தான் தெரிந்தவர் இனிமேல் யாரும் சிஎல்ஐயில் (கட்டளைத் திரையில்) கமாண்ட் அடிக்கவே மாட்டார்கள் என்று பயமுறுத்துவார். அவரவர் நாற்காலியில் இருந்து அவரவர் பேசுகிறார்கள், அதில் தப்பில்லை. ஆனால் உங்களுக்கான பதில், இன்றைக்கு உங்கள் கைக்கு எட்டுகிற சாதனம் எது, இன்னும் ஆறு மாதத்தில் எட்டப்போவது எது என்பதில் இருக்கிறது.

நான் யாருக்குச் சொன்னாலும் முதலில் சொல்வது இதைத்தான்: படிக்கப்போவதை ஆறு மாதத்துக்குள் வேலையில் தொட முடியுமா என்று பாருங்கள். தொட முடியும் என்றால் எழுதுங்கள். முடியாது என்றால் அந்தத் தேர்வைத் தள்ளிவையுங்கள், அல்லது அதைத் தொட முடிகிற வேலைக்கு முதலில் மாறுங்கள். பிஜிபி என்பது பெரிய நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் புரோட்டோகால். லைவ் பிஜிபி செஷனைப் பார்த்தே இராதவர் பிஜிபியில் தேர்வு எழுதிப் பாஸாகலாம், நிறைய பேர் ஆகிறார்கள், ஆனால் கொஞ்ச நாளில், வழியைத் தேர்ந்தெடுக்க அது முதலில் பார்ப்பது லோக்கல் பிரிஃபரன்ஸ் முதலா ஏஎஸ் பாத் முதலா என்று இன்டர்வியூவில் தடுமாறுவார்கள்.

விளம்பரத்தை எப்படிப் படிப்பது

உங்களுக்கு ஆசையான வேலைக்கு வந்திருக்கிற இருபது விளம்பரங்களை எடுத்து ஒரு ஷீட்டில் போடுங்கள். "சிசிஎன்பி (சிசிஎன்ஏவுக்கு அடுத்த நிலை) இருந்தால் நல்லது" என்ற வரியை விட்டுவிட்டு, தினமும் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிற பகுதியைப் படியுங்கள். அங்கேதான் உண்மை இருக்கும். சர்ட்டிஃபிகேஷன் வரிகளைப் பெரும்பாலும் எச்ஆர் ஒரு பழைய விளம்பரத்தில் இருந்து ஒட்டியிருப்பார்கள், அதனால்தான் இன்னமும் சில இடங்களில் சிசிஎன்ஏ ரவுட்டிங் அண்ட் ஸ்விட்சிங் என்று போட்டிருக்கும், அந்தப் பெயரில் தேர்வு 2020 பிப்ரவரியோடு போய்விட்டது. ஆனால் "டேட்டா சென்டர் ஃபேப்ரிக்கில் மாற்றங்கள் செய்ய வேண்டும்", "சைட் டு சைட் விபிஎன் பிரச்சினைகளைத் தீர்க்க வேண்டும்", "ஆன்சிபிள் பிளேபுக் எழுத வேண்டும்" போன்ற வரிகள் அந்த டீமுக்கு என்ன வலிக்கிறது என்று சொல்லும். இருபதில் எந்த வேலை திரும்பத் திரும்ப வருகிறது என்று எண்ணுங்கள். பத்துக்கு மேல் வருவதில் உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கும், அதுதான் அடுத்து படிக்க வேண்டியது. அதற்கு நேராக ஒரு தேர்வு இருந்தால் சரி, இல்லாவிட்டாலும் சரி.

இன்னும் ஆரம்பத்தில் இருப்பவர்களுக்கு

நெட்வொர்க் பிளஸ்ஸா சிசிஎன்ஏவா என்று ரொம்ப யோசிக்க வேண்டாம். ரவுட்டர், ஸ்விட்ச் பக்கம் வேலை வேண்டும் என்றால் நேராக சிசிஎன்ஏ. காம்ப்டியாவின் நெட்வொர்க் பிளஸ் எந்த நிறுவனத்தின் சாதனத்தையும் சாராதது, 90 நிமிடத்தில் அதிகபட்சம் 90 கேள்விகள், கருத்துகள் நன்றாக வரும், ஆனால் உட்கார்ந்து கான்ஃபிக் (சாதனத்தை அமைக்கும் கட்டளைகள்) அடிக்கும் பழக்கத்தை அது அவ்வளவாகக் கேட்பதில்லை. ஹெல்ப் டெஸ்க்கில் இருந்துகொண்டு நெட்வொர்க் நமக்கு ஒத்துவருமா என்று பார்ப்பவருக்கு அது நல்ல முதல் படி. இரண்டையும் எழுதுவது அநேகமாக வீண்செலவு.

சிசிஎன்ஏவில், அதாவது 200-301-இல், 25 சதவீதம் ஐபி கனெக்டிவிட்டிதான். ஸ்டாட்டிக் ரவுட், ஓஎஸ்பிஎஃப் (ஒரு நெட்வொர்க்குக்குள் வழி கண்டுபிடிக்கும் புரோட்டோகால்), ரவுட்டிங் டேபிளை வாசிப்பது, இந்த மாதிரி. நெட்வொர்க் ஃபண்டமென்டல்ஸும் நெட்வொர்க் ஆக்சஸும் ஆளுக்கு 20, செக்யூரிட்டி 15, ஐபி சர்வீசஸும் ஆட்டோமேஷனும் தலா 10. வேலைக்குப் போனபிறகும் ஏறக்குறைய இந்தக் கணக்குதான், என்ன, ஒரு விலேனை (ஸ்விட்ச்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) ஸ்விட்ச்களுக்கு நடுவிலுள்ள டிரங்க்கில் அனுமதிக்க மறந்த டிக்கெட்டுகள் நிஜத்தில் இன்னும் கூடுதலாக வரும்.

நீங்கள் இருக்கிற இடத்தில் ஜூனிப்பர்தான் என்றால் அதன் தொடக்கநிலைத் தேர்வான ஜேஎன்சிஐஏ ஜூனோஸ் எழுதுங்கள் (ஜூனோஸ் என்பது ஜூனிப்பர் சாதனங்களின் ஆபரேட்டிங் சிஸ்டம்), சிஸ்கோ இல்லையே என்று கவலைப்படாதீர்கள். 2025 ஜூலையில் ஜூனிப்பரை எச்பிஇ வாங்கிவிட்டது, அதனால் ஜூனோஸ் மதிப்பு குறையுமோ என்று கேட்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் சாதனங்களை யாரும் ஒரே ராத்திரியில் கழற்றி எறிவதில்லை. அதோடு ஜூனோஸில் "கமிட் கன்ஃபர்ம்ட்" என்று ஒன்று இருக்கிறது, நீங்கள் பத்து நிமிடத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் கான்ஃபிக் தானாகப் பழைய நிலைக்குப் போய்விடும். தூரத்தில் இருக்கிற பாக்ஸில் ஏசிஎல் (டிராஃபிக்கை வடிகட்டும் விதி) போட்டுத் தன்னையே வெளியே பூட்டிக்கொள்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சிசிஎன்ஏவுக்கு அப்புறம்

பலரும் யோசிக்காமல் சிசிஎன்பி என்டர்பிரைஸில் குதிக்கிறார்கள். கேம்பஸ், பிரான்ச், டபிள்யூஏஎன் (ஊர்களுக்கு இடையிலான இணைப்பு) வேலையில் இருப்பவர்களுக்கு அது சரியான முடிவுதான். அமைப்பைப் புரிந்துகொண்டு குதியுங்கள். 2020-இல் இருந்து சிசிஎன்பிக்கு முன்நிபந்தனை எதுவும் கிடையாது, சிசிஎன்ஏ இல்லாமலேகூட எழுதலாம். ஒரு கோர் தேர்வு, ஒரு கான்சன்ட்ரேஷன் தேர்வு, இரண்டும் பாஸானால் சிசிஎன்பி. என்டர்பிரைஸுக்குக் கோர் என்பது என்கோர், அதாவது 350-401. கான்சன்ட்ரேஷனில் பெரும்பாலானவர்கள் எடுப்பது என்ஆர்சி, 300-410, அட்வான்ஸ்டு ரவுட்டிங்கும் டிரபிள்ஷூட்டிங்கும். எஸ்டி-டபிள்யூஏஎன், டிசைன், ஆட்டோமேஷன் என்று வேறு தேர்வுகளும் இருக்கின்றன. இதில் எதைப் பாஸானாலும் அதற்கென ஒரு ஸ்பெஷலிஸ்ட் சர்ட்டிஃபிகேட் தனியாக வந்துவிடும், அதனால் பாதி வழியில் நின்றாலும் ரெஸ்யூமேயில் போட ஒன்று இருக்கும்.

எந்த வரிசையில் எழுதுவது? கோர் முதலில் என்பதுதான் வழக்கமான அறிவுரை. என்கோர் அகலம் ஜாஸ்தி, ஆழம் குறைவு, விர்ச்சுவலைசேஷன், அஷ்யூரன்ஸ், செக்யூரிட்டி, ஆட்டோமேஷன் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுப் போவதால் தினமும் ரவுட்டிங் செய்கிறவருக்குச் சலிப்பாக இருக்கும். அப்படிப்பட்டவர் என்ஆர்சியை முதலில் எழுதினால் உற்சாகம் குறையாமல் இருக்கும் என்பது என் அபிப்பிராயம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், முதல் தேர்வு பாஸான நாளில் இருந்து மூன்று வருடத்துக்குள் மற்றதையும் முடிக்க வேண்டும்.

இங்கேயே ரினியூவல் கணக்கையும் போட்டுவிடலாம். சிசிஎன்ஏ மூன்று வருடம் செல்லும். அது காலாவதி ஆவதற்குள் ஒரு கோர் தேர்வையோ ஒரு புரொஃபஷனல் கான்சன்ட்ரேஷனையோ பாஸானால் சிசிஎன்ஏவும் தானாகப் புதுப்பிக்கப்படும். அதனால் காலாவதி தேதிக்குப் பயந்து சிசிஎன்ஏவையே மறுபடி எழுதுவதைவிட, அதே நேரத்தில் மேலே இருக்கிறதை எழுதுங்கள். தேர்வே வேண்டாம் என்றால் கண்டினியூயிங் எஜுகேஷன் கிரெடிட் சேர்க்கலாம், சிசிஎன்ஏவுக்கு 30, சிசிஎன்பிக்கு 80.

சரி, சிசிஎன்பி என்டர்பிரைஸ் யாருக்கு வேண்டாம்? என்ஓசியில் (நெட்வொர்க் கண்காணிப்பு மையத்தில்) ஷிஃப்டில் உட்கார்ந்து அலாரம் பார்த்து எஸ்கலேட் மட்டும் செய்கிறவருக்கு உடனே வேண்டாம். அவருக்கு முதலில் வேண்டியது கான்ஃபிக் அடிக்கிற வேலை. தான் எஸ்கலேட் செய்த டிக்கெட்டை எல்3 (மூன்றாம் நிலை இன்ஜினியர்) எப்படி மூடினார் என்று மறுநாள் திறந்து படிக்கிற பழக்கம் ஒன்று போதும், பல கோர்ஸ்களைவிட அது உதவும். சேஞ்ச் விண்டோவில் (மாற்றங்கள் செய்ய ஒதுக்கிய நேரத்தில்) கூடவே உட்காரட்டுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள், ராத்திரி ரெண்டு மணிக்குத் துணைக்கு ஆள் வருகிறேன் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்?

ஃபயர்வால் பக்கம் போவது இப்போதைக்கு எளிதான நகர்வு. ரவுட்டிங்கும் என்ஏடியும் (ஐபி முகவரி மாற்றம்) ஏற்கெனவே தெரியும், பாலிசி, விபிஎன், எஸ்எஸ்எல் இன்ஸ்பெக்ஷன் மட்டும் புதிது. உங்கள் இடத்தில் எந்தப் பிராண்ட் ஓடுகிறதோ அந்தத் தேர்வை எழுதுங்கள், ஃபோர்டினெட்டின் ஆன்லைன் வகுப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஃபோர்டினெட், பாலோ ஆல்ட்டோ இரண்டுமே அண்மையில் தங்கள் சர்ட்டிஃபிகேஷன் பெயர்களை மாற்றின, ஆனால் விளம்பரங்களில் பாலோ ஆல்ட்டோவின் பிசிஎன்எஸ்இ மாதிரிப் பழைய பெயர்களே சுற்றுகின்றன. பணம் கட்டும் முன் அந்த நிறுவனத்தின் தளத்திலேயே இப்போது என்ன பெயர், எந்தப் பதிப்பு என்று பார்த்துவிடுங்கள். யூடியூபில் இரண்டு வருடத்துக்கு முன் வந்த வீடியோவை நம்பாதீர்கள்.

சர்வீஸ் புரொவைடர் (இணைய சேவை நிறுவனம்) என்றால் பிஜிபி, எம்பிஎல்எஸ் (லேபிள் ஒட்டி பாக்கெட்டை அனுப்பும் முறை), அதற்குமேல் செக்மென்ட் ரவுட்டிங். சிசிஎன்பி சர்வீஸ் புரொவைடர், ஜேஎன்சிஐஎஸ் எஸ்பி, நோக்கியாவின் சர்வீஸ் ரவுட்டிங் வரிசை, மூன்றில் உங்கள் கோர் நெட்வொர்க்கில் இருக்கும் சாதனம் யாருடையதோ அது. டேட்டா சென்டர் என்றால் விஎக்ஸ்லேன் (ஐபி நெட்வொர்க்கின் மேலே விலேன் மாதிரிப் பிரிவுகளைக் கொண்டுபோவது), அதோடு சேர்ந்து வரும் இவிபிஎன். விலேன் 4094-இல் முடிந்துவிடும், விஎக்ஸ்லேனில் 24 பிட் அடையாள எண் இருப்பதால் ஒன்றரைக் கோடிக்கும் மேல் போகலாம், பெரிய இடங்கள் அங்கே போனதற்கு இது ஒரு காரணம். வயர்லெஸ்ஸில் ஆர்வம் என்றால் எந்த நிறுவனத்தையும் சாராத சிடபிள்யூஎன்ஏ தேர்வைப் பாருங்கள், ரேடியோ பற்றி அது சொல்லித்தருகிற அளவுக்குச் சாதன நிறுவனத் தேர்வுகள் சொல்லித்தருவதில்லை, ஆட்களும் குறைவு.

கிளவுட்: தெரிந்தது பாதி, மறக்க வேண்டியது பாதி

நெட்வொர்க் ஆள் கிளவுடுக்குப் போகும்போது சப்நெட்டிங் தெரியும் என்ற தைரியத்தில் போவார், போனதும் சில விஷயங்கள் இடிக்கும். ஏடபிள்யூஎஸ் விபிசியில் (கிளவுடில் உங்களுக்கான தனி நெட்வொர்க்) பிராட்காஸ்ட் கிடையாது. ஒவ்வொரு சப்நெட்டிலும் ஐந்து முகவரிகளை அவர்களே எடுத்துக்கொள்வார்கள். ஏ, பி, சி என்று மூன்று விபிசி இருந்து, ஏ-யையும் பி-யையும் பியரிங் (நேரடி இணைப்பு) செய்து, பி-யையும் சி-யையும் பியரிங் செய்தால் ஏ-யில் இருந்து சி-க்குப் போக முடியாது, பியரிங் கைமாறிப் போகாது. செக்யூரிட்டி குரூப் ஸ்டேட்ஃபுல் (பதில் டிராஃபிக்கைத் தானே விடும்), நெட்வொர்க் ஏசிஎல் ஸ்டேட்லெஸ் (பதிலுக்கும் தனி விதி வேண்டும்), இதைக் கலந்து குழப்பிக்கொண்டு திரும்பி வருகிற டிராஃபிக்குக்கு வழி விடாமல் மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் ஏராளம்.

ஏடபிள்யூஎஸ்ஸில் அட்வான்ஸ்டு நெட்வொர்க்கிங் ஸ்பெஷாலிட்டி என்று ஒரு தேர்வு இருப்பதைப் பார்த்ததும் நமக்கென்றே வைத்திருக்கிறார்கள் என்று நேராக அதில் இறங்காதீர்கள். 170 நிமிடம், 65 கேள்விகள், ஒவ்வொன்றும் ஒரு பத்தி நீளம், மற்ற சர்வீஸ்கள் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் கேட்பார்கள். சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட்டை முதலில் முடித்துவிட்டு, ஒரு டிரான்ஸிட் கேட்வேயாவது (பல விபிசிகளை இணைக்கும் மையம்) கட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் வாருங்கள். மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஷ்யூர் இருக்கிற நிறுவனம் என்றால் அதன் நெட்வொர்க் தேர்வான ஏஇசட்-700. மைக்ரோசாஃப்டின் அசோசியேட் சர்ட்டிஃபிகேட் ஒரு வருடம்தான் செல்லும், ஆனால் புதுப்பிப்பது ஆன்லைனில் இலவசம், கடினமும் இல்லை. தேதியை மறந்து கோட்டைவிட்டால் மட்டும் முழுத் தேர்வையும் மறுபடி எழுத வேண்டும்.

ஆட்டோமேஷன் பற்றி ஒரு நேரான பேச்சு

எல்லாரும் பைத்தான் படி என்கிறார்கள், எதற்கு என்று சொல்வதில்லை. நூறு ஸ்விட்ச்சில் என்டிபி (கடிகார நேரம் தரும்) சர்வர் மாற்ற வேண்டும், ஒவ்வொன்றாக லாகின் செய்தால் ஒரு நாள் போகும், நெட்மிக்கோ என்ற பைத்தான் லைப்ரரியில் முப்பது வரி எழுதினால் ஒரு டீ நேரத்தில் முடியும். அங்கே ஆரம்பியுங்கள். முதலில் எதையும் மாற்றாத ஸ்கிரிப்ட் எழுதுங்கள்: எல்லாச் சாதனத்திலும் கான்ஃபிக்கை எடுத்து கிட் (மாற்றங்களைப் பதிவு வைக்கும் கருவி) என்பதில் போடுவது, எந்த இன்டர்ஃபேஸில் எரர் ஏறுகிறது என்று பட்டியல் போடுவது. படிக்க மட்டும் செய்கிற ஸ்கிரிப்ட்டால் யாருக்கும் தூக்கம் கெடாது. அதற்கு அப்புறம் ஆன்சிபிள் (பல சாதனங்களில் ஒரே வேலையைச் செய்யும் கருவி), அதற்கும் அப்புறம் கான்ஃபிக்கை ஒழுங்கான டேட்டாவாக அனுப்ப உதவும் நெட்கான்ஃப், யாங்.

சிஸ்கோவில் 2020-இல் டெவ்நெட் என்று தொடங்கிய வரிசை இப்போது ஆட்டோமேஷன் என்ற பெயருக்கு வந்துவிட்டது. தேர்வு எழுதுவது நல்லதுதான், ஆனால் இந்தத் துறையில் மட்டும் சர்ட்டிஃபிகேட்டைவிட நீங்கள் எழுதிய கோட் அதிகம் பேசும். கிட்ஹப்பில் சுத்தமாக நாலு ஸ்கிரிப்ட் இருந்தால் இன்டர்வியூ எடுப்பவர் அதைத்தான் திறந்து பார்ப்பார். ரவுட்டிங் அரைகுறையாக இருக்கும்போது இந்தப் பக்கம் ஓடிவிடாதீர்கள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஆறு மணி நேரம்போல உலகம் முழுக்கக் காணாமல் போனதே, பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கமாண்டால் அவர்களின் பேக்போன் (டேட்டா சென்டர்களை இணைக்கும் நெட்வொர்க்) முழுக்க அறுந்தது, தப்பான கமாண்டைத் தடுக்க வேண்டிய சோதனைக் கருவியில் இருந்த பிழையால் அது தடுக்கவில்லை, டேட்டா சென்டர்களை எட்ட முடியாத டிஎன்எஸ் சர்வர்கள் தங்கள் பிஜிபி அறிவிப்புகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. கருவி எழுதுகிறவருக்கு பிஜிபியும் டிஎன்எஸ்ஸும் ஒன்றோடொன்று எப்படிக் கோத்திருக்கின்றன என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது.

சிசிஐஇ

சிஸ்கோவின் உச்சநிலைச் சர்ட்டிஃபிகேஷன் இது. ஆசைப்படுங்கள், அவசரப்படாதீர்கள். தனியாக ரிட்டன் தேர்வு இப்போது இல்லை, கோர் தேர்வே தகுதித் தேர்வு. லேப் எட்டு மணி நேரம், முதல் மூன்று மணி டிசைன், அடுத்த ஐந்து மணி கட்டுவது, இயக்குவது, சரிசெய்வது, முதல் பகுதிக்குத் திரும்பிப் போக முடியாது. வீட்டில் உள்ளவர்களோடு பேசி, வார இறுதிகளை எல்லாம் விட்டுக்கொடுக்கத் தயார் என்றால் இறங்குங்கள். சர்வீஸ் பார்ட்னர் நிறுவனங்களிலும் கன்சல்டிங்கிலும் இருப்பவர்களுக்கு அந்த சிசிஐஇ எண் நிஜமாகவே கதவு திறக்கும். சொந்த நெட்வொர்க்கை மட்டும் பார்த்துக்கொள்கிற நடுத்தர நிறுவனத்தில் உங்கள் மேனேஜருக்கு அது பெரிதாகத் தெரியாது.

லேப், டம்ப், இன்டர்வியூ

லேப் பழகுவதற்கு, சிசிஎன்ஏவுக்கு பாக்கெட் டிரேசர் என்ற சிமுலேட்டர் போதும். அதற்கு மேலே ஈவ்-என்ஜி, ஜிஎன்எஸ்3 அல்லது சிஸ்கோவின் சிஎம்எல். சிஎம்எல்லில் ஐந்து நோட் வரை இலவசப் பதிப்பு இருக்கிறது, ஓஎஸ்பிஎஃப் ஏரியாக்களைப் பழக அது தாராளம். லினக்ஸ் பிடிக்கும் என்றால் கன்டெய்னர்லேப், அதில் எஃப்ஆர்ஆர், நோக்கியா எஸ்ஆர் லினக்ஸ் என்ற ரவுட்டர் மென்பொருள்கள் காசில்லாமல் ஓடும். பழைய ஸ்விட்ச்களை வாங்கி வீட்டில் அடுக்குவது பார்க்க அழகுதான், சத்தமும் கரண்ட் பில்லும் பழகிவிடும் என்று நினைக்காதீர்கள்.

லேப்பைக் கட்டி முடித்ததும் அதைக் கெடுங்கள். ஓஎஸ்பிஎஃப் இரண்டு ரவுட்டருக்கு நடுவில் ஒரு பக்கம் எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1400 ஆக்கிவிட்டு நெய்பர் உறவு எங்கே நிற்கிறது என்று பாருங்கள், எக்ஸ்ஸ்டார்ட் அல்லது எக்ஸ்சேஞ்ச் என்ற நடுநிலையில் மாட்டிக்கொண்டு நிற்கும். டனல் போட்டு, பாக்கெட் பெரிதாக இருக்கிறது என்று திருப்பிச் சொல்லும் ஐசிஎம்பி செய்தியைத் தடுத்துவிடுங்கள், பிங் போகும், எஸ்எஸ்எச் போகும், பெரிய வெப் பக்கம் மட்டும் திறக்காது. இதை வயர்ஷார்க்கில் (பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் கருவி) ஒருதரம் கண்ணால் பார்த்தவர் ஆயுசுக்கும் மறக்க மாட்டார். இன்டர்வியூவிலும் இந்த மாதிரிதான் கேட்பார்கள், டைமர் எத்தனை செகண்ட் என்று கேட்கிறவர்கள் குறைவு.

டம்ப் (கசிந்த தேர்வுக் கேள்விகளின் தொகுப்பு) வேண்டாம். மாட்டினால் இருக்கிற சர்ட்டிஃபிகேட்டையும் சேர்த்துப் பறிப்பார்கள், அது ஒரு பக்கம். சிசிஎன்பி என்று ரெஸ்யூமேயில் போட்டுவிட்டு ஸ்விட்ச்களில் தலைமை ஸ்விட்ச்சான ரூட் பிரிட்ஜ் எப்படித் தேர்வாகிறது என்பதற்கு முழிக்கிறவரை எல்லா இன்டர்வியூ டீமும் பார்த்திருக்கிறது, அதனால் பேப்பர் பெரிதாக இருந்தால் கேள்வியும் பெரிதாக வரும். தெரியாத சர்ட்டிஃபிகேட் ரெஸ்யூமேயில் இல்லாமல் இருப்பதே நல்லது.

பணம் கட்டும் முன்

தேதியை முதலில் புக் செய்துவிட்டுப் படிக்கிறவர்கள் உண்டு, பாதி சிலபஸ் முடிந்தபின் புக் செய்கிறவர்கள் உண்டு. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கு இரண்டாவதுதான் ஒத்துவரும், இல்லாவிட்டால் ஒரு பெரிய அவுட்டேஜ் வந்து மொத்த அட்டவணையையும் தின்றுவிடும். தேர்வின் பதிப்பு மாறப்போகிறதா என்று அந்த நிறுவனத்தின் பக்கத்தில் பாருங்கள், மாறும் தேதிக்கு ரொம்ப நெருக்கமாக வைத்துக்கொண்டால் ஃபெயிலானபின் பழைய பதிப்பில் மறுபடி எழுத நேரம் இருக்காது. கம்பெனி பணம் கட்டினால் எத்தனை மாதம் அங்கேயே இருக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள், ஃபெயிலானால் யார் கட்டுவது என்பதையும்.

கணக்கில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும், இல்லாவிட்டால் தேர்வு மையத்தில் உள்ளேயே விட மாட்டார்கள். அப்புறம் அந்தக் கணக்கை ஆபீஸ் மெயில் ஐடியில் தொடங்காதீர்கள். வேலை மாறிய அன்றைக்கே அந்த மெயில் போய்விடும், மூன்று வருடம் கழித்து வரும் ரினியூவல் நினைவூட்டலும் பாஸ்வேர்டு ரீசெட்டும் உங்களுக்கு வராது.